பவளத்துக்குப் பூச்சி விழுந்த கதை

"தம்பி, எல்லாம் சேர்த்து எத்தனை பவுன் தேறும்?"

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காத ஆசாமி சுரக்குடியில் இன்னும் பிறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். "உள்ள இருக்கறது பவளம்" என்று பால்காரரிடம் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் சேதி திருநள்ளாறு வரை போய்விட்டது. ஜோசியம் தெரிந்த தெருக்கோடி மாமா ஒருவர் வந்தார். தொட்டியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். "சனீஸ்வரன் சந்நிதிக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு செவ்வாயோட கல்லை வளர்க்கறியே, என்ன தைரியம்டா உனக்கு!" என்றார்.

மாமா, மன்னிக்கணும். மோதிரத்தில் பதிக்கிற சிவப்புப் பவளம் வேறு சாதி. அது பெரும்பாலும் மத்திய தரைக்கடலில் ஆழத்தில் வளர்வது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே மேற்கிலிருந்து கப்பலில் நம் பக்கம் வந்திறங்கிய சரக்கு. என் தொட்டியில் இருப்பதை அடகுக் கடையில் கொடுத்தால் டீ செலவுக்குக்கூட தேறாது. அதன் பெயர் பட்டன் பாலிப். சட்டைப் பித்தான் அளவில், ஓரத்தில் குஞ்சம் வைத்த பச்சைப் பூக்கள். ஆனால் பூ இல்லை, பிராணி. வாய் உண்டு, வயிறு உண்டு. உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசியைக் குடிவைத்திருக்கும். பாசி வெயிலில் சமைத்துப் போடும், இது உட்கார்ந்து சாப்பிடும். மாமியார் வீட்டில் தங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி!

தொட்டி மூன்றடிக்கு ஒன்றரை, உயரமும் ஒன்றரை. சுமார் 180 லிட்டர் கடல் தண்ணீர். அதைக் காரைக்கால் கடற்கரையிலிருந்து கேன் கேனாக ஸ்கூட்டரில் கொண்டுவந்தபோது அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"2004-ல அது வந்து பார்த்துட்டுப் போனது போதாதா? நீ வேற கூப்பிட்டுக்கிட்டு வர்றியா?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர் உள்ளடங்கி இருப்பதால் சுனாமி இங்கே வரவில்லை. கரையோரக் கிராமங்களுக்கு வந்தது. அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. பேசாமல் கேனைத் திண்ணையிலேயே வைத்தேன். மூன்றாம் நாள் அவளே, "உள்ள எடுத்து வையேன், தடுக்கி விழுந்து தொலைக்கப் போறேன்" என்றாள். இப்போது அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுகிறாள்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் முடிந்து வந்து இதைப் படித்துவிட்டு, 'நாமும் ஒரு பவளத்தொட்டி வைத்தால் என்ன' என்று கிளம்பும் இளைஞர்கள் கவனிக்கவும். கல்லாகி வளர்கிற பவளங்கள் அத்தனையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. கறுப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம் எல்லாம் கூடவே. அதாவது சட்டத்தின் கண்ணில் மான்கொம்புப் பவளமும் புலியும் ஒன்று. "சார், ராமேஸ்வரத்துச் சரக்கு, யாருக்கும் தெரியாது" என்று யாராவது காதோடு சொன்னால், "அண்ணே, புலிக்குட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். பட்டன் பாலிப், காளான் போன்ற கல் சேர்க்காத மெல்லுடல் வகைகள் அந்தப் பட்டியலில் இல்லை. என் தொட்டியில் அவைதான். அடியில் இருக்கும் பாறையும் கடலில் பெயர்த்தது அல்ல, செய்து விற்கிற பாறை. பில் வைத்திருக்கிறேன். பி.காம். படித்தவன் பில் வைத்திருக்காமல் வேறு யார் வைத்திருப்பார்கள்?

இனி கதைக்கு வருவோம்.

*

ஒரு கார்த்திகை மாசத்து மழைநாளில் அம்மாதான் முதலில் கவனித்தாள். "அந்தப் பச்சைப் பூ ஏண்டா ரெண்டு நாளா மலரவே இல்ல?"

எண்ணினேன். மொத்தம் 43 பாலிப். அவற்றில் பாதிக்கு மேல் கையை மூடிக்கொண்டு முஷ்டி மாதிரி நின்றன. கணக்குப் படித்த புத்தி என்ன செய்யும்? வரவு எங்கே, செலவு எங்கே என்று ஆரம்பித்தேன். உப்பு அளந்தேன். மழைக்காலத்தில் அரசலாறு வந்து கலக்கும் கரையில் எடுத்த தண்ணீர், உப்பு குறைந்திருக்குமோ என்று சந்தேகம். குறையவில்லை. சூடு அளந்தேன். சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறும்போது மேலே மேஜை ஃபேனைத் திருப்பி வைத்துத்தான் சமாளிப்பேன். ஐப்பசிக்கு மேல் அந்தத் தொல்லை கிடையாது. விளக்கு வெளிச்சம் அதிகமோ என்று குறைத்தேன். குறைவோ என்று கூட்டினேன். சோதனைத் திரவங்கள், புதுக் கரி, புது வடிகட்டி என்று அந்த வாரம் மட்டும் பர்ஸிலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் போயிற்று. பூ மலரவில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி. கரெண்ட் போயிற்று. டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஆக்ஸிஜன் பம்ப் பேட்டரியில் ஓடுகிறதா என்று பார்க்கப் போனவன், தற்செயலாக அந்தக் கல்லின் மேல் வெளிச்சம் அடித்தேன்.

ஒரு பட்டன் நடந்து போயிற்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. முதுகெல்லாம் குஞ்சம். பாலிப்பின் ஓரத்தில் என்ன குஞ்சமோ அதே குஞ்சம், அதே பச்சை. நகர்ந்திருக்காவிட்டால் அதுவும் ஒரு பாலிப் என்றே எண்ணிக் கணக்கில் சேர்த்திருப்பேன். பாலிப்பின் காம்பில் வாயை வைத்துக் கரும்பு மாதிரி கடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில், இந்தக் கல்லை எனக்கு விற்ற கடைக்கு போன் போட்டேன். எந்தக் கடை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சென்னை கொளத்தூர் மாதிரி தெருத்தெருவாக வண்ணமீன் வியாபாரம் நடக்கிற பேட்டையிலும் சரி, பஸ் ஸ்டாண்டு ஓரத்து ஒற்றைக் கடையிலும் சரி, நல்லவர்களும் இருக்கிறார்கள், நம்மவரும் இருக்கிறார்.

"பூச்சி விழுந்திருச்சா சார்? ஒண்ணும் கவலைப்படாதீங்க. கல்லை எடுத்துக் கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம் போடுங்க. பாலிப்பும் போயிடும், பூச்சியும் போயிடும். கல்லு சுத்தமாயிடும். அப்புறம் நான் உங்களுக்கு வேற பாலிப் தர்றேன், டிஸ்கவுண்ட்ல."

டிஸ்கவுண்ட் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அறிவு மங்கிவிடும். கல்லை எடுத்து அடுப்பு மேடையில் ஒரு தட்டில் வைத்தேன். பரணிலிருந்து பெரிய இட்லிப் பானையை இறக்கினேன். சகதர்மிணி உள்ளே வந்தாள்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல, இந்தக் கல்லை ஒரு கொதி விட்டு..."

"இட்லிப் பானையிலயா? நாளைக்கு அமாவாசை!"

அந்த ஒரு வார்த்தையில் மூன்று தலைமுறைக்கான கோபம் இருந்தது. பானை திரும்பப் பரணுக்குப் போயிற்று. வெளியே வந்து நின்று, வேறு பாத்திரம் எதில் செய்யலாம் என்று கேட்பதற்காக நாகப்பட்டினத்தில் மீன்வளப் படிப்பு படித்த நண்பர் ஒருவருக்கு போன் செய்தேன். இந்தக் கட்டுரை ஆசிரியர் இன்றைக்கு உங்களோடு பேசிக்கொண்டிருப்பதற்கு அந்த அமாவாசைதான் காரணம் என்பது பத்து நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது.

"எதுக்கு சார் பாத்திரம்?"

"பட்டன் பாலிப் கல்லை வேக வைக்க."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அடுப்பை அணைங்க."

"இன்னும் பத்தவே வைக்கல சார்."

"கல்லு எங்க இருக்கு?"

"அடுப்பு மேடையில."

"கையுறை போட்டுக்கிட்டு எடுத்துத் தொட்டியில திரும்ப வைங்க. கண்ணாடி மாட்டிக்குங்க. மேடையை பிளீச்சிங் கரைசல் விட்டுத் துடைங்க. வீட்ல குழந்தை இருக்கில்ல? அதைச் சமையல்கட்டுக்கு வர விடாதீங்க. அப்புறம் கூப்பிடுங்க."

*

விஷயம் இதுதான். பட்டன் பாலிப் குடும்பத்தில் சில வகைகளின் உடம்பில் பாலிடாக்ஸின் என்று ஒரு விஷம் இருக்கும். இயற்கையில் கிடைக்கும் விஷங்களில் மிகக் கொடியவை என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் வரிசையில் வரும் சரக்கு. எந்த பாலிப்பில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஹவாய்த் தீவுகளில் மாவி என்று ஒரு தீவு. அங்கே ஹானா என்ற ஊர்ப்பக்கம் பழங்கதை ஒன்று உண்டு. கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பும்போதெல்லாம் ஒருவர் குறைவார். கடைசியில், ஊரில் இருந்த ஒரு கூனன்மேல் சந்தேகப்பட்டு அவன் துணியை விலக்கிப் பார்த்தால் முதுகில் சுறாவின் வாய்! அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைக் கடலில் கொட்டினார்கள். சாம்பல் விழுந்த குட்டையில் ஒரு பாசி முளைத்தது. அதை ஈட்டிமுனையில் தடவினால் பட்டவன் பிழைக்கமாட்டான் என்று கதை. அந்தக் குட்டை எங்கே என்று வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வேறு. விஞ்ஞானிகள் எப்படியோ தேடிப் போனார்கள். பாசி இல்லை, பாலிப்! ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மூரும் ஷாயரும் 1971-ல் அந்த விஷத்தைப் பிரித்தெடுத்து உலகத்துக்கு அறிவித்தார்கள். ஒரே மூலக்கூறில் 129 கார்பன் அணுக்கள். அதை ஆய்வுக்கூடத்தில் அணு அணுவாகக் கட்டி முடிக்க ஹார்வர்டில் கிஷி என்ற ஜப்பானியருக்கும் அவருடைய ஆட்களுக்கும் 1994 வரை ஆயிற்று. நான் என்னடாவென்றால் அதை இட்லிப் பானையில் போடப் பார்த்தேன்.

இது உடம்பில் என்ன செய்யும்? நம் செல் ஒவ்வொன்றின் சுவரிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்று இருக்கிறது. பாலிடாக்ஸின் போய் அந்த பம்ப்பில் உட்கார்ந்து, திறந்த குழாயாக ஆக்கிவிடும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மதகு உடைந்தால் என்ன ஆகும்? அதுதான். காய்ச்சல், மூச்சுத் திணறல், தசைவலி, நாக்கில் உலோகக் கசப்பு. கண்ணில் தெறித்தால் கருவிழியைப் புண்ணாக்கும். முறிவு மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றுகிறார்கள். கொதித்தாலும் இந்த விஷம் சாகாது. ஆவியோடு தெறிக்கிற துளிகளில் ஏறிக்கொண்டு மூக்குக்குள் வந்துவிடும். 2018-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு வீட்டில் ஒருவர் தொட்டியிலிருந்த பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்யப்போய், குடும்பமே ஆஸ்பத்திரியில் படுத்தது. உதவிக்கு வந்த தீயணைப்புக்காரர்களுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விஷத்தைப் பற்றிப் படித்ததால் அல்ல. தொட்டியைத் துடைக்கும்போதெல்லாம் என் ஆறு வயதுப் பெண்தான் அசிஸ்டென்ட். "அப்பா, நான் புடிச்சுக்கறேன்" என்று வெறுங்கையில் எத்தனை தடவை அந்தக் கல்லை வாங்கிப் பிடித்திருக்கிறாள்! எழுந்து போய் அவள் கை விரல்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. சகதர்மிணி விழித்துக்கொண்டு, "என்னங்க?" என்றாள். "கொசு" என்றேன். உண்மையை ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பது இந்தப் பத்திரிகையில் அச்சேறும் தரத்தில் இல்லை.

*

வைத்தியம் செய்யுமுன் வியாதி எது என்று தெரியவேண்டும். நண்பர் சொல்லிக் கொடுத்தது, நானே ராத்திரி ராத்திரி விழித்துப் பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாலிப் மூடிக்கொண்டால் உடனே பூச்சி என்று முடிவு கட்டக்கூடாது. தண்ணீர் கெட்டாலும் மூடும், வெளிச்சம் மாறினாலும் மூடும். பக்கத்தில் வேறு பவளம் வந்து கொட்டினாலும் மூடும். ஆனால் தண்ணீர்க் கோளாறு என்றால் தொட்டி முழுக்கத் தெரியும். ஒரு கல்லில் மட்டும், அதுவும் ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாக மூடிக்கொண்டே வந்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பகலில் தேடிப் பிரயோஜனம் இல்லை. விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். பெரும்பாலான பிராணிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது.

என் தொட்டியில் இருந்தது ஓடில்லாத கடல் நத்தை. இங்கிலீஷில் நூடிபிராங்க் என்பார்கள். பட்டன் பாலிப்பைத் தவிர வேறு எதையும் சாப்பிடாது. எந்த நிற பாலிப்பைத் தின்கிறதோ அந்த நிறம் தனக்கும் வந்துவிடும். பச்சை தின்றால் பச்சை, ஆரஞ்சு தின்றால் ஆரஞ்சு. கட்சி மாறுகிறவர்களுக்கு இவ்வளவு சுலபமாகத் துண்டு மாறுவதில்லை! பாலிப்பின் காம்பிலோ கல்லின் அடியிலோ வெள்ளைச் சுருளாக முட்டையிடும். அந்தச் சுருளைப் பார்த்தால் நோய் உறுதி. இது தவிர வட்டவட்டமாகக் கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட ஓட்டோடு ஒரு நத்தை, பாலிப்பின் இடுக்கில் ஒளிகிற கடல் சிலந்தி ஆகியவையும் உண்டு. இந்த இரண்டையும் இடுக்கியால் பிடித்து எடுத்துவிடலாம். நூடிபிராங்க் அப்படி இல்லை. ஒன்றை எடுத்தால் ஒன்பது முட்டைக்குள் இருக்கும்.

பக்கத்து வயல் பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். குறுவை, சம்பா, தாளடி என்று அறுபது வருஷமாகப் பூச்சியோடு மல்லுக்கட்டியவர்.

"இமிடா அடிச்சு விடேன்டா. புகையானே போயிடுது, இது போவாதா?"

சிரித்துவிட்டு வந்தேன். பிறகு தெரிந்தது, பெரியப்பா சொன்னது அவ்வளவு அபத்தம் இல்லை. அமெரிக்காவில் பவளம் வளர்ப்பவர்கள் சிலர் தோட்டத்துக்கு அடிக்கும் இமிடாகுளோப்ரிட் கலந்த மருந்தைத்தான் வாளியில் கரைத்துப் பவளத்தை முக்கி எடுக்கிறார்கள். அதே புகையான் மருந்து! கல் பவளத்தில் வரும் சிவப்புப் பூச்சிக்கு, நாய்க்குக் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைக் கரைத்து விடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு சொட்டு தொட்டிக்குள் போனாலும் இறால், நண்டு எல்லாம் மல்லாந்துவிடும். முக்கி எடுத்த தண்ணீரை எங்கே கொட்டுவது? எங்கள் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால். அதில் மாடு தண்ணீர் குடிக்கிறது. எனக்கு மனசு வரவில்லை.

காரைக்காலில் பிறந்தால் ஒரு சௌகரியம், யாராவது ஒரு சொந்தக்காரர் பிரான்சில் இருப்பார். சித்தப்பா மகன் லீவுக்கு வரும்போது, பவளத்தை முக்குவதற்கென்றே விற்கும் தாவர எண்ணெய் மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தான். கொடுத்துவிட்டு உடனே சென்னைக்கு ஓடிவிட்டான். லேபிள் முழுக்க பிரெஞ்சு. தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அட்டென்ஷனில் நின்று படித்தார். "தி மினுய்த்! பத்து நிமிஷம் முக்கணும். அப்புறம் அலசணும்." அத்தோடு நிறுத்தாமல், "இதைக் குடிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கான்டா" என்றார், ஏமாற்றத்தோடு.

முறை இதுதான். கொல்லைப்புறத்தில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாளி. இரண்டிலும் தொட்டித் தண்ணீரே. ஒன்றில் மருந்து. கையில் ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. கையில் காயம் இருந்தால் அன்று அந்த வேலையே வேண்டாம். கல்லை முக்கி, குழந்தைக்கு டானிக் கொடுக்கும் சிரிஞ்சால் இடுக்கெல்லாம் பீய்ச்ச வேண்டும். முதல் நாள் வாளியின் அடியில் பதினோரு நத்தை விழுந்தது. பதினொன்று! ஒரு டீம்! அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால் முட்டைச் சுருளைத் தேடித் தேடித் தேய்த்தெடுக்க வேண்டும். மருந்து முட்டையைக் கொல்லாது. பலர் தோற்றுப்போவது இங்கேதான். ஒரே முக்கில் பூச்சி விழுந்ததைப் பார்த்து சந்தோஷமாகக் கல்லைத் தொட்டியில் வைத்துவிடுகிறார்கள், பத்து நாளில் குஞ்சு பொரித்துப் பழைய குருடி கதவைத் திறடி. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, நாலு வாரம், சலிக்காமல் முக்கவேண்டும். மொத்தம் ஐந்து தரம் முக்கினேன். மூன்றாவது முக்கில் இரண்டு, நாலாவதில் ஒன்று, ஐந்தாவதில் பூஜ்யம்.

அந்த நாலு வாரமும் கல் பழைய தொட்டிக்குத் திரும்பவில்லை. தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், காற்று பம்ப்போடு திண்ணையில் இருந்தது. (புத்தகத்தில் ஹீட்டரும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஹீட்டரா? காரைக்காலிலா?) பெரிய தொட்டியில் ஒரு பாலிப்பும் இல்லாததால் அங்கே மிச்சம் மீதி ஒளிந்திருந்த நத்தைகள் பட்டினியில் முடிந்தன. இதற்கு மருந்தே தேவைப்படவில்லை.

43-ல் ஆரம்பித்தது ஒரு கட்டத்தில் 17-க்கு வந்துவிட்டது. மிச்சம் 26-ம் செலவுக் கணக்கில்.

*

இதற்கு நடுவில் இன்னொரு விருந்தாளி. கண்ணாடி ஓரத்தில் அழகாக, பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பூ. காசு கொடுக்காமலே புதுப் பவளம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, என் பெண் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். பத்து நாளில் ஏழாயிற்று. இது ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி. நெல் வயலில் களை மாதிரி. பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கருக்கிவிடும்.

பிடுங்கினேன். மகா தப்பு. பிய்ந்த துண்டு ஒவ்வொன்றும் ஒரு முழு ஐப்டேசியா ஆகிவிடும். எலுமிச்சைச் சாறு ஊசியில் ஏற்றிக் குத்தினேன். பாதி செத்தது, பாதி சுருங்கி இடுக்குக்குள் போய் நாலு நாளில் திரும்ப எட்டிப் பார்த்தது. இதைத் தின்பதற்கென்றே பெப்பர்மின்ட் இறால் என்று ஒன்று உண்டு. பெர்கியா என்று ஒரு நூடிபிராங்கும் உண்டு. அது ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தொடாது. ஆமாம், அதே நூடிபிராங்க் கூட்டம்தான். ஒன்று என்னை அழித்த சாதி, இன்னொன்று காப்பாற்றும் சாதி. இரண்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் கடைசியாகச் சொல்லும் மருந்து 'கால்க்வாஸர்' பசை. பெயரைக் கேட்டு பயந்து, என்ன விலையோ என்று நண்பரைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்தார். கால்சியம் ஹைட்ராக்சைடு. நீர்த்த சுண்ணாம்பு! அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் பித்தளை டப்பாவில் இருப்பது!

அம்மாவிடம் கேட்டதும், "இதுக்குத்தான் மூவாயிரம் செலவழிச்சியா?" என்றாள். மணமோ சாயமோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கவேண்டும். பசையாகக் குழைத்து, சிரிஞ்சில் எடுத்து, பம்ப்பை நிறுத்திவிட்டு, ஐப்டேசியாவின் வாயிலேயே ஒரு சொட்டு. இரை என்று நினைத்து விழுங்கும். அப்படியே வெந்து போகும். ஒரே நாளில் நாலைந்துக்கு மேல் கூடாது, தண்ணீரின் காரம் ஏறிவிடும். ஏழையும் இரண்டு நாளில் முடித்தேன்.

சுண்ணாம்பு பவளத்தைக் காப்பாற்றியது என்று சொல்லும்போதே சங்கடமாக இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி பக்கம் பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பியிருக்கிறார்கள். வீடு கட்டவும் போயிருக்கிறது. அதில் பாறை போய், பாறை காத்த தீவும் கரைந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதில் இரண்டு ஏற்கனவே தண்ணீருக்குள் போய்விட்டன.

அங்கேயும் இப்போது களைத் தொல்லைதான். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கிற கராஜீனன் என்ற பசைக்காக, காப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசியை ராமநாதபுரம் கரையில் கட்டி வளர்க்கிறார்கள். (கரையோரத்தில் அதற்கு ஒரு குளிர்பானத்தின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.) அது தப்பிப்போய் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். வெயில் படாமல் அடியில் பவளம் செத்தது. வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்குகிறார்கள். பிய்ந்த துண்டு மறுபடி முளைக்கும். என் ஐப்டேசியா கதைதான், ஆனால் 180 லிட்டரில் அல்ல, ஒரு கடலில்! அந்தப் பாசியை நம்பி அந்தக் கரையில் எத்தனையோ பெண்கள் பிழைக்கிறார்கள். ஒரேயடியாக நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. பவளம் இருக்கும் தீவுகளுக்கு எட்டாத தூரத்தில் வளர்க்கலாம், அறுந்து மிதப்பதைப் பொறுக்குவதற்கும் கூலி கணக்கில் சேர்க்கலாம். பாசியின் விலையில் இந்தச் செலவும் ஒரு அயிட்டமாக வரவேண்டும் என்பது இந்த பி.காமின் அபிப்பிராயம்.

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிலையத்தார் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டத்தில் கட்டி, கடலுக்கடியில் நாற்று நடுவது மாதிரி நட்டு வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பவளத்தைத் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீனுக்கு முக்குளிப்பவர்கள் ஒவ்வொன்றாக ஊசி போடுகிறார்கள். முதலில் மாட்டுப் பித்தநீர் போட்டார்கள். அப்புறம் சமையல்கட்டு வினிகரே போதும் என்று ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தார் 2015-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அங்கேயும் கடைசியில் வெற்றிலைப் பெட்டி வைத்தியம்தான்!

பட்டன் பாலிப் இப்போது 26 ஆகியிருக்கிறது. அம்மா தினமும் எண்ணுகிறாள். புதிதாக எது வாங்கினாலும் நாலு வாரம் திண்ணையில்தான், அப்புறமே கூடம். என் பெண்ணுக்கு அவள் சைஸில் கையுறை தேடிக் காரைக்கால் முழுக்க அலைந்து, கடைசியில் சென்னையிலிருந்து வரவழைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போவேன் என்று இரண்டு நாள் அழுகை.

நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்ப்புக்குப் பின்னால், வலது மூலையில், பழுப்பாக ஒன்று தலையை நீட்டுகிறது.

"அம்மா, அந்தச் சுண்ணாம்பு டப்பாவைக் கொஞ்சம் குடேன்."

"வாங்கிட்டு வந்து வை. காலியாயிடுச்சு."